மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்: அடுத்தது எது?

மூன்று வகை மாத்திரை. அதில் ஒன்று நீர் போக்கும் மாத்திரை. மூன்றும் உடம்பு தாங்கக்கூடிய முழு அளவில். அப்படியும் பி.பி. 140/90-க்குக் கீழே வர மறுக்கிறது என்றால், 'மருந்துக்கு அடங்காத உயர் ரத்த அழுத்தம்' என்பார்கள் மருத்துவர்கள். இந்த இடத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் படித்துப் பார்த்தால், ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி நடத்துவது மூளைத்தண்டு என்பது தெரியவரும். அடுத்த கேள்வியும் தானாக வந்துவிடும்: அப்படியானால் நேரே அங்கேயே போய்ப் பிடித்துவிடலாமே?

போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, ஒரு காலத்தில் மூளை அறுவை சிகிச்சைகூட முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது முதல் தேர்வு அல்ல என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்தத் தண்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, அழுத்தம் சரிகிறது. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் நரம்பு நுனிகள், அதாவது உணர்விகள், இருக்கின்றன. சுவர் தளர்ந்ததும் அவை அனுப்பும் சமிக்ஞை குறைகிறது. 9-ஆவது, 10-ஆவது மண்டை நரம்புகள் அந்தச் செய்தியை மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அதை முதலில் வாங்குவது என்.டி.எஸ். என்ற நரம்பணுக் கூட்டம். அது இன்னொரு கூட்டத்தைத் தூண்டும், அந்த இன்னொன்றின் வேலை மூன்றாவதாக ஒன்றை அடக்கி வைப்பது. அடக்கப்படும் அந்த மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஆர்.வி.எல்.எம். என்று பெயர், இடம் முகுளத்தின் முன்புற மேல்பகுதி. தண்டுவடத்தில் இருக்கும் பரிவு நரம்புகளுக்கு (உடம்பை உஷார்ப்படுத்தும் நரம்புகள்) 'இறுக்கு' என்று ஓயாமல் ஆணை அனுப்பிக்கொண்டே இருப்பது அதுதான். கழுத்திலிருந்து வரும் சமிக்ஞை குறைந்ததால் அடக்கும் கூட்டம் ஓய்கிறது, தடை தளர்ந்ததும் ஆணை பலமாகிறது. ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. தலை சுற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் பிரஷர் ஏன் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது? இந்த ஏற்பாடு பழகிக்கொள்கிறது, அதனால்தான். அழுத்தம் சில நாள் உயர்ந்தே இருந்தால், கழுத்து உணர்விகள் அந்த உயர்ந்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கின்றன. தராசின் முள்ளே இடம் மாறிவிட்டால் நிறுப்பவர் என்ன செய்ய முடியும்? 160-ஐ 120 என்று நம்பி மூளைத்தண்டு நிம்மதியாக இருக்கிறது.

இதை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1973-இல் உடலியல் ஆய்வாளர்கள் ஆலன் கௌலி, ஆர்தர் கைட்டன் ஆகியோர் நாய்களில் இந்த உணர்வி நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். அழுத்தம் நாள் முழுக்கக் கன்னாபின்னாவென்று ஏறி இறங்கியது, ஆனால் 24 மணி நேரச் சராசரி பெரிதாக உயரவில்லை. மூளைத்தண்டு நொடிக்கணக்கு வேலைக்காரன், ஆண்டுக்கணக்கில் பிரஷரைத் தீர்மானிப்பது உப்பையும் நீரையும் கையாளும் சிறுநீரகமே என்ற முடிவு வெகுகாலம் கோலோச்சியது. 2004-இல் தாமஸ் லோமையர் குழு மறுபக்கத்திலிருந்து வந்தது. நாய்களின் கழுத்து உணர்விகளை மின்சாரத்தால் ஒரு வாரம் விடாமல் தூண்டியபோது, அந்த வாரம் முழுக்க அழுத்தம் தாழ்ந்தே இருந்தது. ஆக, பரிவு நரம்புகள் வழியே மூளைத்தண்டு நீண்டகாலக் கணக்கிலும் கை வைக்கிறது. இரண்டு தரப்பும் பாதி சரி. கீழே வரும் சிகிச்சைகள் ஒவ்வொன்றும் இந்தச் சண்டையில் ஏதாவது ஒரு பக்கம் நிற்பதைப் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வடிகட்டல். அடங்காத பிரஷர் என்று வருபவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் அது இல்லை. மருத்துவரைப் பார்த்ததும் மட்டும் ஏறுகிறது, அல்லது கையில் கட்டிய பட்டை சிறியது, அல்லது மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை. மூட்டு வலிக்கு விழுங்கும் ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவையும் மூக்கடைப்பு மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். 24 மணி நேரக் கருவியை ஒரு நாள் கட்டிப் பார்க்காமல், உடம்பில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அட்ரினல் சுரப்பி அதிகம் சுரக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்காமல், நான்காவது சிகிச்சை பற்றிப் பேசுவதே வீண்.

வடிகட்டலில் தேறி நிற்பவருக்கு உண்மையான போட்டி இரண்டு மாத்திரைகளுக்கு இடையில்தான்: ஸ்பைரோனோலாக்டோன், குளோனிடின்.

குளோனிடின் நேராக மூளைத்தண்டுக்குப் போகிற மருந்து. அதன் பிறப்பே ஒரு விபத்து. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தாகத்தான் அதைத் தயாரித்தார்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு அலுவலகப் பணியாளரின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கிப்போயின. மூக்கு மருந்து பிரஷர் மருந்தாகி 1966-இல் விற்பனைக்கு வந்தது. முகுளத்தில் ஆல்ஃபா-2, இமிடசோலின் என்ற ஏற்பிகளில் (செய்தியை வாங்கும் புரதங்கள்) அது போய் ஒட்டிக்கொள்கிறது, ஆர்.வி.எல்.எம். அனுப்பும் ஆணை மெலிகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிரஷர் இறங்கத் தொடங்கும்.

கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே வகை ஏற்பிகள் விழிப்பையும் உமிழ்நீரையும் நடத்தும் இடங்களிலும் இருக்கின்றன. அதனால் பகலில் தூக்கம் சொக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மருந்தை நிறுத்தும்போது நடப்பது. இரண்டு வேளையோ மூன்று வேளையோ சாப்பிடும் ஒருவர் ஊருக்குப் போகிறார், மாத்திரைப் பட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. முதல் நாள் ஒன்றும் தெரிவதில்லை. 18 மணி நேரம் தாண்டி மூன்று நாளுக்குள், அதுவரை அமுக்கி வைத்திருந்த ஆணை கரை உடைந்து வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தலை வலிக்கிறது. பிரஷர் சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட மேலே போய் நிற்கும். கூடவே பீட்டா தடுப்பி மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் மோசம். இதயத்தின் வேகத்தை அந்த மாத்திரை பிடித்து வைத்திருக்க, ரத்தக்குழாய் இறுக்கம் மட்டும் தடையின்றி ஏறும். அதனால்தான் இரண்டையும் நிறுத்த வேண்டி வந்தால் பீட்டா தடுப்பியை முதலில் விலக்கி, குளோனிடினைப் பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். வாரம் ஒருமுறை மாற்றும் ஒட்டுப்பட்டை வடிவம் கிடைக்கும் இடங்களில் இந்தத் தொல்லை ஓரளவு குறைவு.

மூளைத்தண்டைத் திரும்பியே பார்க்காத மருந்து ஸ்பைரோனோலாக்டோன். சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் வேலை செய்யும் இடத்தில் போய்க் குறுக்கே நிற்கிறது, உப்பை வெளியே தள்ளுகிறது. கைட்டன் கட்சி. 2015-இல் வெளிவந்த பாத்வே-2 ஆய்வில் மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு நான்காவதாக இதையும், பிசோப்ரோலாலையும், டாக்சாசோசினையும், வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் அளந்த மேல் அளவை வெற்று மாத்திரையைவிட 8.7 மி.மீ. கூடுதலாக இறக்கி ஸ்பைரோனோலாக்டோன் ஜெயித்தது. மற்ற இரண்டும் அதில் ஏறக்குறைய பாதிதான் செய்தன. பிசோப்ரோலாலும் டாக்சாசோசினும் பரிவு நரம்பின் செய்தி போய்ச் சேரும் இடத்தில் தடுப்பவை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவு சுவாரசியமானது. நரம்பு எவ்வளவு கத்தினாலும், உடம்பில் தேங்கிய உப்பும் நீரும்தான் பலருக்குப் பெரிய முடிச்சு.

அந்த ஆய்வில் குளோனிடின் இல்லை. பிரேசிலில் நடந்து 2018-இல் வெளியான ரீஹாட் ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. 187 பேர். மருத்துவரின் அறையிலும் 24 மணி நேரக் கருவியிலும் பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 21 சதவீதம், அதாவது சமம். ஆனால் 24 மணி நேரச் சராசரியை அதிகம் இறக்கியது ஸ்பைரோனோலாக்டோன். அதோடு அது தினம் ஒரு வேளை, குளோனிடின் இரண்டு வேளை. நான்காவது மருந்து எதுவானாலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் முழு வெற்றி என்பதையும் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

ஆகவே என் தீர்ப்பு ஸ்பைரோனோலாக்டோன் பக்கம், ஒரு நிபந்தனையோடு. அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், ஏறினால் இதயத் தாளம் கெடும். தொடங்கிய சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை கட்டாயம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கும், ஏற்கெனவே பொட்டாசியம் உயர்ந்திருப்பவர்களுக்கும் கதவு பாதி மூடியிருக்கிறது. ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அப்படியானால் எப்லரினோனுக்கோ அமிலோரைடுக்கோ மாறலாம்.

குளோனிடினின் உறவுக்காரர்கள் இருவர். மாக்சோனிடின் இமிடசோலின் ஏற்பியை அதிகம் நாடுவதால் தூக்கமும் வாய் வறட்சியும் குறைவு. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் இறப்புகள் கூடியதால் 1999-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அவர்களுக்கு இது கூடாது. மெத்தில்டோபா பழைய மருந்து, சோர்வைத் தரும், கர்ப்பிணிகள் அல்லாதவர்களுக்கு இன்று தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கே வேறு: ஸ்பைரோனோலாக்டோன் அங்கே விலக்கு, மூளைத்தண்டில் வேலை செய்யும் மெத்தில்டோபாவோ லேபடலால், நிஃபெடிபின் போன்றவையோதான் வழக்கம். வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பிறந்த பின்பும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருப்பதால் மெத்தில்டோபா மீது அந்த நம்பிக்கை.

மாத்திரையே வேண்டாம் என்று நினைப்பவர்களின் கண் போவது சிறுநீரக நரம்பு நீக்கத்துக்கு. தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயை ஏற்றி, சிறுநீரகத் தமனியைச் சுற்றி ஓடும் பரிவு நரம்புகளை ரேடியோ அலையாலோ மீயொலியாலோ சுட்டுவிடுவது. இது ஒரே நேரத்தில் இரண்டு பாதையை அறுக்கிறது: மூளைத்தண்டிலிருந்து சிறுநீரகத்துக்கு வரும் ஆணையும், சிறுநீரகத்திலிருந்து மூளைக்குப் போகும் முறையீடும். தத்துவம் அழகு. முதல் ஆய்வுகளில் 30 மி.மீ. வரை இறங்கியது என்றார்கள். 2014-இல் சிம்ப்ளிசிட்டி-3 ஆய்வில், ஒரு பிரிவினருக்குக் குழாயை ஏற்றிப் படம் மட்டும் எடுத்துவிட்டு நரம்பைச் சுடாமல் விட்டார்கள். சுட்டவர்களுக்கு 14 மி.மீ. இறங்கியது. சுடாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 12 இறங்கியது! சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையும், அதன்பின் ஒழுங்காக விழுங்கிய மாத்திரையும் செய்த வேலை அது.

கருவியைச் செம்மையாக்கிப் பின்னால் செய்த ஆய்வுகளில், போலிச் சிகிச்சையைவிட 4 முதல் 6 மி.மீ. வரை உண்மையான வித்தியாசம் கிடைத்தது. அமெரிக்காவில் 2023 நவம்பரில் இரண்டு கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. நரம்பு திரும்ப வளர்ந்து பலன் தேய்ந்துவிடுமோ என்று பயந்ததற்கு, மூன்று ஆண்டுவரை பின்தொடர்ந்த பதிவுகளில் பலன் நிற்கிறது. ஆனால் யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்றுவரை கிடையாது. செய்துகொண்ட பலர் மாத்திரையை விடவும் முடிவதில்லை. மாத்திரையிலிருந்து விடுதலை என்ற எண்ணத்தோடு போகிறவர் ஏமாறுவார். பொட்டாசியமோ பக்கவிளைவோ மாத்திரைகளை அண்டவிடாதவருக்கு இது நியாயமான வழி.

கழுத்து உணர்விகளையே மின்சாரத்தால் தூண்டும் கருவி லோமையரின் நாய்களிலிருந்து நேராக வந்தது. மூளைத்தண்டுக்கு 'பிரஷர் ரொம்ப அதிகம்' என்று ஓயாமல் பொய் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை, முள்ளை இடம் மாற்ற ஒரு குறுக்குவழி. 1960-களிலேயே இதன் பழைய வடிவத்தைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான ரியோஸ் ஆய்வில் 265 பேர் கலந்துகொண்டார்கள். பலருக்கு அழுத்தம் நன்றாக இறங்கியும், குறுகிய காலப் பலனிலும் அறுவை சிகிச்சைப் பாதுகாப்பிலும் வைத்த இலக்குகளை அது எட்டவில்லை. அடுத்த தலைமுறைக் கருவிக்கு அமெரிக்காவில் 2019-இல் கிடைத்த அனுமதி இதயச் செயலிழப்புக்கு, பிரஷருக்கு அல்ல. வேறு எதுவும் பலிக்காதவர்கள், பெரிய மையத்தில், ஆய்வின் பகுதியாக மட்டும் யோசிக்க வேண்டியது.

முகுளத்தின் இடப்பக்கத்தை ஒரு தமனி வளைந்து அழுத்துவதால்தான் பிரஷர் ஏறுகிறது என்று பிட்ஸ்பர்க் நரம்பியல் அறுவை நிபுணர் பீட்டர் ஜனெட்டா சொன்னார். அந்தத் தமனியை நகர்த்தி வைக்கும் அறுவை சிகிச்சையும் செய்தார். மண்டையைத் திறக்கும் இந்த வழி பிரஷருக்கான சிகிச்சையாக நிலைக்கவில்லை. ஸ்கேனில் அப்படி ஒரு வளைவு தெரிந்தது என்பதற்காக யாரும் பதற வேண்டாம், பிரஷர் இல்லாதவர்களிடமும் அது உண்டு.

இனி, மூளைத்தண்டைத் தொடாமலே அதன் காதில் விழுவதை மாற்றும் வழிகள். இவற்றில் ஒன்றுக்கு நான் முதலிடமே கொடுப்பேன்: குறட்டையைக் கவனிப்பது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் சரிகிறது. கழுத்துத் தமனிப் பிரிவில் அரிசி மணி அளவில் இருக்கும் கரோட்டிட் உறுப்பு அதை மோப்பம் பிடித்து முகுளத்துக்கு அலறுகிறது. ஆர்.வி.எல்.எம். எகிறுகிறது. திணறி விழித்து மூச்சு வாங்கும் அந்தக் கணத்தில் பிரஷர் உச்சிக்குப் போய்விட்டு வருகிறது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் இப்படி நடக்கலாம். தூங்கியவருக்கு எதுவும் நினைவில்லை, பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தெரியும். பகலில் ஆக்சிஜன் சரியாக இருந்தாலும் பரிவு நரம்பின் இரைச்சல் முழுதாக அடங்குவதில்லை. மருந்துக்கு அடங்காதவர்களில் இந்தக் கோளாறு மிகவும் சகஜம். இரவில் காற்றழுத்த முகமூடி போட்டு 12 வாரம் பார்த்த ஸ்பெயின் ஆய்வில் 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 3.1 மி.மீ. குறைந்தது. எண் சிறியதுதான். ஆனாலும் பகல்நேரத் தூக்கம் போகிறது, இரவு பிரஷர் இறங்கும் பழைய வழக்கம் பலருக்குத் திரும்புகிறது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் தூக்கப் பரிசோதனை என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அந்தக் கரோட்டிட் உறுப்பை மருந்தால் அமைதிப்படுத்த முடியுமா என்பதுதான் இப்போது ஆய்வுக்கூடங்களின் ஆசை. ஜூலியன் பேட்டன் குழு 2016-இல் பிரஷர் உள்ள எலிகளில் அந்த உறுப்பின் பி2எக்ஸ்3 ஏற்பியை அடைத்தபோது அழுத்தம் இறங்கியது. அதே ஏற்பியை அடைக்கும் ஜெஃபாபிக்சன்ட் என்ற மருந்து நாள்பட்ட இருமலுக்காக ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஏற்கெனவே அனுமதி பெற்றது, நாக்கின் ருசியைக் கெடுக்கும் என்பது அதன் பெரிய குறை. மூச்சை வலிந்து வெளியே தள்ளும்போது வேலை செய்யும் மூளைத்தண்டு நரம்பணுக்களும் ஆர்.வி.எல்.எம்.மும் பேசிக்கொள்வது பற்றியும் அவர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எலியில் பலித்ததைப் பார்த்துவிட்டு இருமல் மருந்தைப் பிரஷருக்குக் கேட்டுப் போகக் கூடாது.

நிமிடத்துக்கு 6 மூச்சு என்று நிதானமாக விடும்போது கழுத்து உணர்விகளின் கூர்மை கூடுவதை அளந்து காட்டியிருக்கிறார்கள், செய்கிற நேரத்தில் பிரஷரும் கொஞ்சம் இறங்கும். நாள் முழுக்க நிற்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. செலவில்லை, கெடுதலில்லை, செய்யுங்கள். நான்காவது மருந்துக்குப் பதிலாக மட்டும் செய்யாதீர்கள்.

ஒரே 158/94-ஓடு வரும் இருவரை எடுத்துக்கொண்டால் தேர்வு எப்படிப் பிரிகிறது என்று தெரியும். முதலாமவருக்குக் கழுத்து பருத்திருக்கிறது, குறட்டை ஊரைக் கூட்டுகிறது, 24 மணி நேரக் கருவியில் இரவு அழுத்தம் இறங்கவே இல்லை, சிறுநீரகமும் பொட்டாசியமும் நன்றாக இருக்கின்றன. இவருக்கு ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை, தூக்கப் பரிசோதனை, பிறகு ஸ்பைரோனோலாக்டோனும் முகமூடியும் சேர்த்து. குளோனிடின் பேச்சே எழத் தேவையில்லை. தூக்கம் சொக்க வைக்கும் மருந்தை ஏற்கெனவே பகலில் தூங்கி விழுகிறவருக்குக் கொடுப்பானேன்?

இரண்டாமவருக்குச் சிறுநீரக வடிகட்டல் திறன் 28, அதாவது மிகக் குறைவு; பொட்டாசியம் 5.2, அதாவது ஏற்கெனவே அதிகம். ஸ்பைரோனோலாக்டோன் கிடையாது. நரம்பு நீக்க ஆய்வுகள் பெரும்பாலும் திறன் 40-க்கு மேல் உள்ளவர்களிடம் நடந்தவை, அதனால் அதுவும் தயக்கம். இவருக்குக்கூட மூளைத்தண்டு மருந்துக்கு முன் ஒரு படி இருக்கிறது. 2021-இல் வெளியான க்ளிக் ஆய்வில், சிறுநீரகம் இந்த அளவு நலிந்தவர்களுக்குக் குளோர்தாலிடோன் என்ற பழைய நீர் மாத்திரை 24 மணி நேர மேல் அளவை 11 மி.மீ. இறக்கியது. அதன் பிறகும் இறங்காவிட்டால்தான் குளோனிடின், சிறிய அளவில் தொடங்கி, வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தால். மாக்சோனிடின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் இந்தத் திறனில் அது இவருக்கு ஏற்றதல்ல.